ராட் ஸெர்லிங் வரலாறு

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையும், மனித ஆற்றலுக்கு மேம்பட்ட ஆற்றல் வாய்ந்த வீரரின் அருஞ்செயல்களையும் தொலைக்காட்சியிற் கண்டு களியாத மாணவர் நம் கலாசாலையில் மிகச் சிலரே. விடுதியில் இராப்போசனம் முடிந்தபின் நிகழும் உரையாடலில் இக்கதைகளுக்குத் தனியிடம் உண்டு. இவை வீண் பொழுதுபோக்கு என்றும், மெய்யுலகத்தினின்றும் ஓடி ஒளிந்துகொள்ள விரும்புவார்க்கு ஏற்ற மறைவிடம் என்றும் இகழும் பெரியோரும் உளர். நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒருவருடைய வாழ்க்கை. அவர் அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நாடகாசிரியராகிய ராட் ஸெர்லிங் என்பார். மெய்யை நேரே சொல்ல முயன்று, வழி அடைபட்டு, பொய்போலத் தோன்றும் கதைகளின் வாயிலாக அதனைச் சொன்னவர் அவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

இளமை

ஸெர்லிங் 1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள், நியூயார்க் மாகாணத்து ஸிரக்யூஸ் நகரில், ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பெயர் சாமுவேல். தாயார் பெயர் எஸ்தர். ராபர்ட் என்னும் தமையனார் ஒருவரும் இருந்தார். அவரும் பிற்காலத்தில் நூலாசிரியராய் விளங்கினார். 1926-இல் குடும்பம் அதே மாகாணத்திலுள்ள பிங்காம்டன் என்னும் ஊரிற் குடியேறிற்று. தந்தையார் மளிகைக் கடை நடத்தி வந்தார். 1929-க்குப் பின்னர் அமெரிக்க நாட்டையே வாட்டிய பொருளாதார வீழ்ச்சியிலே அக்கடை நொடித்துப்போகவே, இறைச்சிக் கடை வைத்துக் குடும்பத்தைக் காத்தார்.

சிறுவர் ஸெர்லிங் ஓயாது பேசும் இயல்பினர். ஒரு முறை குடும்பத்தார் பிங்காம்டனிலிருந்து ஸிரக்யூஸுக்கு மோட்டார் வண்டியிற் சென்றனர். ஏறக்குறைய 70 மைல் தூரம். பிறர் யாவரும் வாய் திறவாதிருந்தால் இவர் அதனை உணர்கின்றாரா என்று பார்க்க எண்ணி, எல்லோரும் மௌனமாய் இருந்தனராம். இவரோ ஊர் சேருமளவும் தாமே பேசிக்கொண்டு வந்தார். மற்றையோர் பேசாதிருந்ததை அறியவேயில்லை. பெற்றோர் இவ்வியல்பைக் கடிந்து அடக்கினாரல்லர். வீட்டின் நிலவறையில் ஒரு சிறு மேடை அமைத்துக் கொடுத்தனர்; அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி இவர் அங்கே நாடகம் ஆடுவார். அவ்வூர்ப் பூங்காவில் மரக்குதிரைகள் சுழலும் இராட்டினம் ஒன்று இருந்தது. அதனை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறந்திலர். அவ்விராட்டினத்தைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

போர்க்களம்

1943-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே ஸெர்லிங் இராணுவத்திற் சேர்ந்தார். உருவத்தாற் சிறியவராயினும் ஆகாய விமானத்தினின்றும் பாராசூட் பூண்டு குதிக்கும் படையையே விரும்பிப் பெற்றார். பயிற்சிக் காலத்தில் குத்துச் சண்டைப் பந்தயங்களிலும் ஈடுபட்டார். ஜெர்மனியோடு பொர வேண்டும் என்பது யூதராகிய அவர் விருப்பம். ஆனால் அவருடைய படை கீழ்த்திசைக்கு அனுப்பப்பட்டது. 1944-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளுள் ஒன்றாகிய லேட்டேயில், சேறும் மழையும் நிறைந்த மலைக்காடுகளிலே அவர் ஜப்பானியரோடு பொருதார்.

அங்கு நிகழ்ந்த ஒரு சம்பவம் அவருள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. படையினருக்கு உணவு தீர்ந்துபோனமையால் விமானங்கள் உணவுப் பெட்டிகளை மேலிருந்து வீழ்த்தின. பசித்திருந்தோர் மகிழ்ந்து நின்ற அவ்வேளையில், ஸெர்லிங்கின் உற்ற நண்பர் ஒருவர் மீது ஒரு பெட்டி விழ, அவர் அவ்விடத்திலேயே மாண்டார். பகைவன் குண்டுக்குத் தப்பியவனை உயிர் காக்க வந்த உணவே கொன்றது. மனித வாழ்வின் முடிவு எதிர்பாராத் திசையிலிருந்து வரும் என்பதை ஸெர்லிங் கதைகளிலே திரும்பத் திரும்பக் காண்கின்றோம். அவர் அதனை எப்புத்தகத்திலும் கற்றாரல்லர்.

1945-இல் மணிலா நகரை மீட்கும் போரிலும் அவர் கலந்துகொண்டார். குண்டுச் சிதறல்களாற் காயமுற்றார். வீரப் பதக்கங்களும் பெற்றார். அவ்வாண்டிலேயே, அவர் கடல் கடந்த நாட்டில் இருக்கும்பொழுது, தந்தையார் மாரடைப்பால் 52-ஆம் வயதில் இறந்தார். மகன் சவ அடக்கத்திற்கும் வர இயலவில்லை. 1946-இல் வீடு திரும்பியவர் பழைய ஸெர்லிங் அல்லர். இரவிலே கொடுங்கனாக் கண்டு திடுக்கிட்டு எழுவது அவருக்கு வாழ்நாள் வழக்கமாயிற்று.

கல்லூரியும் தொழிலும்

போரினின்று திரும்பியவர்களுக்கு அரசாங்கம் அளித்த கல்வி உதவியைக் கொண்டு, ஒஹாயோ மாகாணத்து ஆண்டியாக் கல்லூரியில் ஸெர்லிங் சேர்ந்தார். முதலில் தேகப் பயிற்சிக் கல்வியை எடுத்துக்கொண்டவர், விரைவில் இலக்கியத்திற்கு மாறினார். மனத்திற் குமைந்துகொண்டிருந்த போர் நினைவுகளை எங்கேனும் இறக்கி வைத்தாலன்றித் தமக்கு அமைதியில்லை என்று உணர்ந்தே அவர் எழுதலானார். கல்லூரியின் வானொலிக்கு நாடகங்கள் எழுதினார், தாமே நடித்தார், தாமே நடத்தினார். பணத்தட்டுப்பாடு நேர்ந்த பொழுது புதிய பாராசூட்டுகளைச் சோதிப்பதற்காக விமானத்திலிருந்து குதித்துக் கூலி பெற்றதும் உண்டு. உடன் பயின்ற காரல் கிராமர் என்னும் அம்மையாரை 1948-இல் மணந்தார். 1950-இல் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஸின்ஸினாட்டி நகரத்து வானொலி நிலையமொன்றில் ஊழியம் செய்தார். பகலெல்லாம் பிறர் பணித்தவற்றை எழுதுவதும், இரவெல்லாம் தமக்கென எழுதுவதுமாய் நாட்கள் கழிந்தன. அனுப்பிய நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரும்பி வந்தன. முடிவில் மனைவியோடு கலந்து, மாதச் சம்பளத்தை உதறிவிட்டு, எழுத்தையே நம்பி வாழத் துணிந்தார். கையில் இருந்த பொருளோ சொற்பம்.

துணிவு வீண்போகவில்லை. 1955-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அவருடைய "பாட்டர்ன்ஸ்" என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. பெரிய வணிக நிறுவனத்தின் தலைவன் ஒருவன், நெடுநாள் உழைத்து முதுமையுற்ற அதிகாரியை அவமதித்து அவமதித்தே சாகடிப்பதும், அவருடைய இடத்திற்கென அழைத்து வரப்பட்ட இளைஞன் அதனைக் கண்டு மனம் போராடுவதும் அதன் பொருள். அந்நாளில் நாடகங்கள் மேடையில் நடிக்கப்படும்பொழுதே ஒளிபரப்பாகும், மறுமுறை காண்பதற்கில்லை. இந்நாடகமோ, கண்டோர் பாராட்டு மிகுதியால், நான்கு வாரங்களில் மீண்டும் நடிக்கப்பட்டது. இதற்கு எம்மி என்னும் பரிசு கிடைத்தது. மறு ஆண்டில், அடிபட்டு உடைந்துபோன குத்துச்சண்டை வீரன் ஒருவனைப் பற்றிய நாடகம் வெளிவந்து அவர் புகழை நிலைநாட்டிற்று. அப்பொழுது அவருக்கு வயது 31.

அடைபட்ட வாய்

இங்ஙனம் புகழின் உச்சியிலிருந்த காலத்திலேயே அவருக்குப் பெரிய சோதனை வந்தது. அந்நாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யாதேனும் ஒரு வணிக நிறுவனம் பொருளுதவி புரியும். பொருள் கொடுத்தவருக்கு நாடகத்தின் சொற்களைத் திருத்தும் அதிகாரமும் இருந்தது. சிகரெட்டுப் பற்றவைக்கும் கருவி விற்போர் உதவிய நாடகத்தில் ஒரு பாத்திரம் தீக்குச்சி கேட்டலாகாது என்று அச்சிறு வசனத்தை நீக்கினர். இது நகைப்புக்கு இடமாவது. அடுத்துக் கூறப்போவது அத்தகையதன்று.

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சிகாகோ நகரத்து எம்மெட் டில் என்னும் 14 வயது நீக்ரோச் சிறுவன், மிஸிஸிப்பி மாகாணத்திலிருந்த உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதையின்றி நடந்தான் எனப் பழி சுமத்தி, நள்ளிரவில் அவனை வீட்டினின்றும் இழுத்துச் சென்று, அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரியார் ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆலோசித்து விடுதலை செய்தனர். அவ்விருவரும் சில மாதங்களுக்குள் ஒரு பத்திரிகைக்குத் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சட்டம் அவர்களை ஒன்றும் செய்ய இயலவில்லை.

இக்கொடுமையை நாடகமாக்க ஸெர்லிங் விரும்பினார். இறந்தவனை நீக்ரோவாகக் காட்டினால் ஏற்கமாட்டார் என அறிந்து, முதியவரான ஒரு யூதராக மாற்றி எழுதினார். ஆயினும் இது டில் வழக்கே என்று பத்திரிகைகளில் செய்தி பரவிற்று. தென்னாட்டு வெள்ளையர் சங்கங்கள் ஆயிரக்கணக்கிற் கடிதம் விடுத்து மிரட்டின. அஞ்சிய நிறுவனத்தார் கதை நிகழும் இடத்தை வடக்கே வெகு தூரத்திற்கு மாற்றினர்; மாண்டவரை இன்ன நாட்டவர் என்று தெரியாத அந்நியராக்கினர்; தெற்கு நினைவுக்கு வரும் என்று கொக்கோ கோலாப் புட்டிகளையும் காட்சியினின்று அகற்றினர். 1956-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது ஒளிபரப்பான பொழுது நாடகத்தின் உயிர் போய் உடலே எஞ்சி நின்றது. 1958-இல் இப்பொருளையே மீண்டும் எடுத்தார். அப்பொழுதும் கதையை முந்திய நூற்றாண்டுக்குத் தள்ளி, மாண்டவனை மெக்ஸிக்க இளைஞனாக்கி, பலவாறு சிதைத்தே வெளியிட்டனர்.

அந்தி மயங்கும் எல்லை

1959-ஆம் ஆண்டு ஸெர்லிங் விஞ்ஞானக் கற்பனை நாடகங்களை எழுதப்போவதாகத் தெரிவித்தபோது பலரும் வியந்தனர். பெரிய நாடகாசிரியர் ஒருவர் சிறுபிள்ளைக் கதைகளில் இறங்குவது ஏன் என வினவினர். அவரும் ஒரு பேட்டியில், இனி வணிகரோடு மல்லாட விருப்பமில்லை என்றும், மக்களை மகிழ்விப்பதே தம் நோக்கம் என்றும் கூறினார். அவர் தோற்று ஒதுங்கினார் என்றே உலகம் கருதியது.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் "ட்விலைட் ஸோன்" தொடங்கிற்று. அந்தி மயங்கும் எல்லை என்பது அப்பெயரின் பொருள். 1964 வரை ஐந்தாண்டுகளில் 156 நாடகங்கள் வெளிவந்தன. அவற்றுள் 92 ஸெர்லிங் எழுதியவை. கறுத்த உடையணிந்து அவரே தோன்றிக் கதையைத் தொடங்கிவைத்தமையால் அவர் முகமும் குரலும் நாடறிந்தவையாயின.

1960-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் வெளிவந்த மேப்பிள் தெருக் கதையை எடுத்துக்கொள்வோம். வேனிற்கால மாலை; அமைதியான ஒரு தெரு. வானத்தில் ஏதோ ஒன்று பேரொலியுடன் கடந்து செல்கின்றது, மின்விளக்குகள் அவிகின்றன, மோட்டார் வண்டிகள் ஓடவில்லை. வேற்றுலகத்தார் வருமுன் மனித வடிவில் ஒரு குடும்பத்தை அனுப்பி வைப்பார்கள் என்று, தான் படித்த கதையொன்றை ஒரு சிறுவன் கூறுகின்றான். அவ்வளவே, ஆண்டுக் கணக்கில் அன்போடு வாழ்ந்த அயலார் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகின்றனர். இருளில் நடந்து வந்த ஒருவரைப் பகைவர் எனக் கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். அவரோ செய்தி அறிந்துவர அடுத்த தெருவுக்குச் சென்றிருந்த அண்டை வீட்டுக்காரர். தெரு முழுவதும் கலகம் மூள்கின்றது. குன்றின்மேல் நின்று இதனை நோக்கும் வேற்றுலகத்தார் இருவர், விளக்கை அணைத்தாலே போதும், மாந்தர் தம்மைத் தாமே அழித்துக்கொள்வர் என்று கண்டுகொள்கின்றனர். அண்டை அயலாரைக் கம்யூனிஸ்டுகளென ஐயுற்று வேட்டையாடிய அமெரிக்கா அக்கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டது. டில் சிறுவனைக் கொன்ற வெறுப்பும் அதிலே இருந்தது. கொக்கோ கோலாப் புட்டிக்கும் அஞ்சிய நிறுவனத்தார், வேற்றுலகத்தார் கதைதானே என்று அதனை வாளா விட்டுவிட்டனர்.

1961-இல் வெளிவந்த வேறொரு நாடகம் அவர் பொருத பிலிப்பைன்ஸ் தீவுகளிலேயே நிகழ்கின்றது. போர் முடியும் தறுவாயில், குகையிற் கிடக்கும் காயமுற்ற ஜப்பானியரைக் கொல்லத் துடிக்கும் இளம் அமெரிக்க அதிகாரி ஒருவன், கண நேரத்தில் தானே ஜப்பானிய அதிகாரியாய் மாறி, குகையில் அடைபட்ட அமெரிக்கரைக் கொல்லுமாறு ஏவப்படுகின்றான். பகைவன் தோலுக்குள் புகுந்து பார்க்கச் செய்யும் இவ்வித்தை, மந்திரமும் மாயமும் இல்லாத கதையில் எங்ஙனம் கைகூடும்?

மாவீரர் கதையிற் பற்றுடைய மாணவர் கவனிக்கத்தக்க நாடகமும் ஒன்று உண்டு. 1952 முதல் 1958 வரை "சூப்பர்மேன்" தொலைக்காட்சியிற் பறந்து தீயோரைப் பிடித்து வந்தான். 1961-இல் ஸெர்லிங் படைத்த டிங்கிள் என்பவனோ வீடு பெருக்கும் மின்கருவி விற்கும் எளியவன். யாவரிடமும் அடி வாங்குபவன். செவ்வாய் மண்டலத்தார் சோதனைக்காக அவனுக்கு 300 பேர் வலிமையைக் கொடுக்கின்றனர். அவ்வலிமையால் அவன் யாரையும் காத்தானில்லை. கூட்டம் சேர்த்து வித்தை காட்டினான். கொடுத்தவர்கள் சலித்து அதனைப் பறித்துக்கொள்ள, ஊரார் நகைத்தனர். வலிமை வந்த மாத்திரத்தில் ஒருவன் வீரனாகிவிடான் என்பதை இதனினும் எளிதாய் விளக்க இயலுமோ?

இவை யாவற்றினும் நம்முள்ளத்தை உருக்குவது 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் வெளிவந்த கதையே. 36 வயதான அதிகாரி ஒருவர், நகர வாழ்வின் ஓட்டத்திற் களைத்துத் தாம் பிறந்த ஊருக்கு நடந்து செல்கின்றார். அங்கே காலம் பின்னோக்கிப் போயிருக்கின்றது. இளம் பருவத்துத் தம்மையே மரக்குதிரை இராட்டினத்திற் காண்கின்றார். இறந்துபோன தந்தையையும் உயிரோடு காண்கின்றார். தந்தை அவரை அறிந்துகொண்டு, ஒவ்வொருவனுக்கும் ஒரே வேனிற்காலந்தான் உண்டு என்னும் கருத்துப்பட அன்போடு பேசித் திருப்பி அனுப்புகின்றார். பிங்காம்டன் பூங்காவின் இராட்டினத்தையும், இறுதிக் கடன் செய்யவும் வர இயலாது போன மகனையும் அறிந்த நமக்கு இது வெறுங்கற்பனை ஆகுமா? மெய்வாழ்வில் கிட்டாத விடையைக் கதையிலே பெற்றுக்கொண்டார் என்றே கொள்ளுகின்றோம்.

குறைகளும் இறுதிக் காலமும்

ஸெர்லிங்கின் எழுத்திற் குறையே இல்லை என்பார் அவரை அறியாதார். ஐந்தாண்டுகளில் 92 நாடகங்கள் எழுதும் ஒருவர்க்கு ஓய்வு ஏது? ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிச் சொல்லிப் பிறரைக் கொண்டு எழுதுவித்தவற்றிற் சில பிரசங்கமாய் நீண்டன. சில முடிவு தெரிந்த கதைகளாயின. இன்னும் கடுமையான வினா ஒன்று உண்டு. வேற்றுலகத்தார் கதையைக் கண்டு கைதட்டியவருள் எத்தனை பேர் அது தம்மைக் குறித்தது என்று உணர்ந்தனர்? மறைத்துச் சொன்ன உண்மை, கேட்பவன் விரும்பாவிடில், மறைந்தே போகவும் கூடும். எம்மெட் டில்லின் கதையை அவனுடைய பெயரோடும் நிறத்தோடும் சொல்ல ஸெர்லிங்குக்கு வாய்க்கவேயில்லை. இத்தோல்வியை நாம் மறைத்தல் தகாது.

"ட்விலைட் ஸோன்" முடிந்தபின், போட்ட பொருள் திரும்பாது என்று எண்ணித் தம் உரிமைப் பங்கைத் தொலைக்காட்சி நிறுவனத்திற்கே விற்றுவிட்டார். மறு ஒளிபரப்புகளால் அது பின்னர்ப் பெரும் பொருள் ஈட்டிற்று. 1968-இல் வெளிவந்த "பிளானட் ஆப் தி ஏப்ஸ்" என்னும் திரைப்படத்தின் கதையை மற்றொருவரோடு சேர்ந்து எழுதினார். 1970 முதல் 1973 வரை "நைட் காலரி" என்னும் நிகழ்ச்சியில் தோன்றினார். அதில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. அது பற்றி வருந்தினார். வியட்நாம் போரைக் கண்டித்துப் பல இடங்களிற் பேசினார்.

அவருக்கு அக்காலத்தில் உவப்பளித்தது ஆசிரியத் தொழிலே. நியூயார்க் மாகாணத்து இதாக்காக் கல்லூரியில் இறுதிவரை மாணவருக்கு எழுத்துக் கலை கற்பித்தார். 1975-ஆம் ஆண்டு மே மாதம் மாரடைப்பு நேர்ந்தது. ஓயாது சிகரெட்டுப் புகைத்து வந்த உடல் தாங்கவில்லை. இருதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஜூன் 28-ஆம் நாள், ராச்செஸ்டர் நகர மருத்துவமனையில், தம் 50-ஆம் வயதில் காலமானார். தந்தையார் அடைந்த வயதையும் அவர் எட்டவில்லை.

முடிவுரை

ஸெர்லிங் இட்ட பாதையில் 1966-இல் "ஸ்டார் டிரெக்" வந்தது. நிறவேற்றுமையையும் போரையும் பற்றி அதுவும் விண்மீன்களுக்கிடையே நின்று பேசிற்று. "ட்விலைட் ஸோன்" 1985-இலும், 2002-இலும், 2019-இலும் வேறு பிறரால் புதுப்பிக்கப்பட்டது. இன்று நாம் காணும் மாவீரர் கதைகளிலும் விஞ்ஞானக் கதைகளிலும் சிறந்தவை எவையோ, அவை யாவும் அவருக்குக் கடன்பட்டவையே.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கூட்டமாய்ச் சேர்ந்து ஒருவனைக் கொல்லும் கொடுமையைத் தேசக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று. அச்சட்டத்திற்கு எம்மெட் டில்லின் பெயரையே இட்டனர். 1956-இல் ஒரு நாடகாசிரியர் சாடையாகவும் சுட்டக்கூடாதென்று தடுக்கப்பட்ட பெயர், 66 ஆண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. இதனை ஸெர்லிங் செய்தார் என்று நாம் கூறவில்லை. அச்சிறுவனின் தாயாரும் எண்ணிறந்த பிறரும் வெளிப்படையாய்ப் பாடுபட்டுச் செய்தது அது. நேரே பேசுவோர் இல்லாமல் கதை மட்டும் உலகைத் திருத்திவிடாது. ஆயினும், நேரே பேசுதற்கு வழியில்லாத காலத்தில், மக்கள் மனச்சாட்சி உறங்கிப் போகாதபடி காத்தவருள் அவரும் ஒருவர்.

ஆகவே, கற்பனைக் கதைகளில் விருப்பமுடைய மாணவர் வெட்கமுற வேண்டுவதில்லை. அவற்றை இகழும் பெரியோரும் சற்றே பொறுத்து நோக்குதல் நன்று. கதை முடிந்து விளக்கு எரிந்தபின், அது எந்தத் தெருவைப் பற்றியது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அத்தெருவில் நம் வீடும் இருக்கலாம்.